வயற்சேறும் தோற்புண்களும்

சுவரிருந்தாற்றான் சித்திரம் எழுதலாம் என்பர். மனித தேகத்துக்குத் தோலே சுவராகும். வடகீழ்ப் பருவமழை பெய்யும் பெரும்போகத்தில் படுவான்கரை வயல்களிற் சேற்றில் நிற்கும் கமக்காரருக்கும், எழுவான்கரையின் மணற்பாங்கான தோட்டங்களில் மிளகாய், கத்தரி முதலியன பயிரிடுவோருக்கும் இச்சுவரைக் காப்பது பயிரைக் காப்பது போன்றே இன்றியமையாததாகும்.

தோலில் வாழும் கிருமிகள்

நோயற்றவரின் தோலிலும் எண்ணிறந்த பற்றீரியாக்கள் வாழ்கின்றன. இவற்றுட் பெரும்பாலானவை தீங்கு செய்வதில்லை. இடத்தையும் உணவையும் தாமே கைக்கொண்டு, வேற்றுக் கிருமிகள் குடியேறாது தடுக்கின்றன. செழித்த நெற்பயிர் களைக்கு இடங்கொடாமை போல்வதே இது. தோல் உலர்ந்தும் சிறிது புளிப்புத்தன்மை உடையதாயும் இருப்பது மற்றொரு காப்பாகும். ஆயினும், ஏறக்குறைய மூவரில் ஒருவரின் மூக்கினுள் ஸ்டபிலோகொக்கசு ஓரியசு என்னும் பற்றீரியா தீங்கின்றித் தங்கியிருக்கும். தோல் கிழிந்தவிடத்து அதுவே உட்புகுந்து சீழ்க்கட்டியை உண்டாக்கும்.

சுவர் உடையும் வழி

நெடுநேரம் நீரில் ஊறிய தோல் வெளுத்து மென்மையாகி, கால்விரலிடுக்குகளில் வெடிக்கும். அங்கே பங்கசு வளர்ந்து சேற்றுப்புண்ணை முற்றச் செய்யும். அவ்வெடிப்பின் வழியே ஸ்ட்ரெப்டோகொக்கசு புகுமாயின், கால் சிவந்து வெப்பமாகி வீங்கும், சிவப்பு மேலேறும், காய்ச்சலும் தோன்றும். தாக்கத்தியின் வெட்டு, முட்குத்து, நத்தையோட்டின் கீறல் ஆகியனவும் கிருமிகளுக்கு வாயில்களே. மண்ணும் சாணமும் புகுந்த ஆழமான காயத்தில் ஏற்புவலிக் கிருமி வளர்ந்து உயிருக்கே இறுதி விளைவித்தலும் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த வயல்நீரிலுள்ள எலிக்காய்ச்சற் கிருமியும் இவ்வாயில்கள் வழியாகவே உட்புகும்.

மண்ணில் உறையும் கொடிய கிருமி

மெலியோயிடோசிஸ் என்னும் நோயை 1912-ஆம் ஆண்டில் விற்மோர், கிருஷ்ணசுவாமி ஆகிய இருவரும் இரங்கூனில் ஆராய்ந்து விவரித்தனர். இலங்கையில் இந்நோய் 1927-இல் முதன்முதலாக அறியப்பட்டது. அண்மை ஆண்டுகளில் மட்டக்களப்பு மாவட்டத்திலும் நோயாளர் கண்டறியப்பட்டுள்ளனர். இதன் கிருமி ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. மழைக்காலத்தில் மிகுதியாகத் தொற்றுவது. சிலருக்கு ஆறாத புண்ணாகவும், சிலருக்கு நுரையீரற் காய்ச்சலாகவும், ஈரலிற் சீழ்க்கட்டியாகவும் தோன்றும். நீரிழிவு உடையோரையே இது பெரிதும் தாக்கும். சாதாரண மருந்துகள் பலவற்றுக்கு இக்கிருமி அடங்காது. ஊசிமருந்தை வைத்தியசாலையில் ஏறக்குறைய இரு வாரமும், அதன்பின் மாத்திரையை மூன்று மாதமேனும் கொள்ள வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் மீளும்.

கைக்கொள்ள வேண்டியவை

1. சேற்றில் இறங்குமுன் கால்களைப் பார்த்தல் வேண்டும். புண் இருப்பின் ஆறும்வரை இறங்காதிருத்தல் நன்று. இறங்க நேரின், புண்ணை நீர்புகாவாறு மூடி, நீளச் சப்பாத்து அணிதல் வேண்டும்.

2. வேலை முடிந்ததும் சுத்தநீராலும் சவர்க்காரத்தாலும் கழுவி, விரலிடுக்குகளை நன்கு துடைத்து உலரவிடல் வேண்டும்.

3. காயத்தைக் கழுவித் தூய துணியால் மூடுக. சாணம், சாம்பல், மண்ணெண்ணெய் என்பவற்றை இடலாகாது. கட்டியைக் கத்தியாற் கீறலுமாகாது.

4. அழுக்குப் படிந்த காயத்துக்கு ஏற்புவலித் தடுப்பூசி வேண்டுமா என வைத்தியரிடம் அறிதல் வேண்டும்.

5. எலிக்காய்ச்சற் பருவத்தில், சுகாதார வைத்திய அதிகாரியின் அறிவுரைப்படி தடுப்பு மாத்திரை பெறலாம்.

6. நீரிழிவு உடையோர் வெறுங்காலுடன் வயலில் இறங்குதல் தகாது.

7. சிவப்புப் பரவினாலும், காய்ச்சல் கண்டாலும், புண் இரு வாரத்தில் ஆறாவிடினும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். தாம் வயலில் வேலை செய்பவர் என்பதை அங்கே தவறாது கூறுதல் வேண்டும். நோயை உரிய காலத்தில் இனங்காண அவ்வொரு சொல் வைத்தியருக்குப் பேருதவியாகும்.

வரம்பில் தோன்றும் சிறு உடைப்பை அன்றே அடைக்கும் கமக்காரர், தம் காலில் தோன்றும் வெடிப்பையும் அவ்வாறே கருதுவாராயின், போகமும் உயிரும் ஒருங்கே காக்கப்படும்.