முதியோர்க்கு இல்லம் எது?

உடம்பொடு தோன்றிய உயிர்கட்கெல்லாம் பிறப்பும் வளர்ச்சியும் மூப்பும் இறப்பும் ஒழியாது வருவன. நெடுநாள் வாழ விரும்பாதார் உலகில் ஒருவருமிலர். நெடுநாள் வாழ்தலாவது மூப்படைதலேயாம். அங்ஙனமாகவும், மூப்படைந்தாரைக் கண்டவிடத்து முகஞ்சுளித்தல் எத்துணைப் பேதைமை! தாம் நாடோறும் வேண்டிக்கொள்ளும் பேற்றினையே பிறரிடத்துக் கண்டு இகழ்தலன்றோ அது? இதனை நம் கிழக்குக் கரையின் மனைவழக்கு ஒன்றை முன்னிட்டு ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

அம்பாறை மாவட்டத்துக் கடலோரத்திலே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை முதலாய முஸ்லிம்கள் மிகுந்த ஊர்களும், பாண்டிருப்பு, காரைதீவு, தம்பிலுவில், திருக்கோவில் முதலாய சைவ ஊர்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. விபுலாநந்த அடிகளார் 1892ஆம் ஆண்டிற் பிறந்தருளிய காரைதீவுக்கு வடக்கெல்லை சாய்ந்தமருது, தெற்கெல்லை நிந்தவூர். சமயத்தால் வேறாகிய இவ்விருசாராரும் மொழியால் மட்டுமன்றி மனையறத்தாலும் ஒத்தவர். இருசாராரிடத்தும் குடியென்பது தாய்வழியே எண்ணப்படும். மனை மகளுக்கே சீதனமாகச் செல்லும். மணந்த மருமகன் மனைவியின் இல்லத்தே வந்து வாழ்வான்.

பெற்றோர் தம் வாழ்நாள் உழைப்பெல்லாம் மனைகளாக்கி மகளிர்க்கு வழங்குகின்றனர். மூத்தவளுக்குத் தாம் இருந்த மனையைக் கொடுத்துவிட்டு, ஏனைய மக்களோடு அதே வளவில் அல்லது அடுத்த வளவில் வேறொரு மனை எழுப்பிப் பெயர்வாரும் உளர். கடைசி மகளின் மணத்தோடு எஞ்சிய மனையும் கைமாறும். அதன்பின் அவ்வில்லத்தின் ஓர் அறையிலேனும், வளவின் மூலையில் அமைத்த சிறு குடிலிலேனும் முதியோர் வாழ்கின்றனர்.

இவ்வழக்கு நன்மையுடையதே. முதுமைக்காலத்துத் தாய் தான் பெற்ற மகளின் கையாலேயே கஞ்சி பெறுகின்றாள். அயலாள் ஒருத்தியின் முகம் நோக்கி அஞ்சி வாழும் நிலை அவளுக்கு இல்லை. ஆயினும் இதன்கண் ஓர் இடரும் உண்டு. உறுதியிற் கையொப்பமிட்ட நாள்வரையில் ‘என் வீடு’ என்றவர், மறுநாள் தொட்டு ‘மகளின் வீடு’ என்கின்றார். சொல்லொன்று மாறியதோடு அமையாது, நாளடைவில் எல்லாம் மாறுகின்றன. விருந்தினரை அழைப்பதும், வேலியை மாற்றுவதும், மரத்தை வெட்டுவதும் அவரைக் கேளாமலே நடைபெறுகின்றன. கொடுக்கும்வரையிற் கொடையாளியாய் இருந்தவர், கொடுத்தபின் விருந்தாளியாகின்றார். விருந்து நீட்டிக்கின் சுமையென எண்ணப்படுகின்றார்.

இது வறுமையால் வருவதன்று. செல்வமுள்ள இல்லங்களிலும் காணப்படுவதே. மனிதரைப் பயன்கொண்டு அளக்கும் நோக்கே இதன் வேர். கரைவலை இழுத்த தோளும், வயலில் அரிவாள் பிடித்த கையும், மருதமுனைத் தறியில் நெய்த விரலும் ஓய்ந்தவுடன் அவரைப் பயனற்றவர் என்கின்றோம். அவ்வளவுகோலைக் கொண்டு பார்ப்பினும் அது பொய்யே. பிழைப்பின் பொருட்டு மகள் அரபு நாடு சென்ற இல்லங்களில் அவளுடைய குழந்தைகளைக் குளிப்பாட்டி, உணவூட்டி, பள்ளிக்கு அனுப்புகின்றவர் யார்? பாட்டியார் அல்லரோ? வைகாசித் திருக்குளிர்த்தியின்போது கண்ணகியம்மை கோயில்களில் வழக்குரையைப் பிழையின்றிப் பாடும் முதியவரை ஊரே முன்னிருத்துகின்றது. கோயிலில் வண்ணக்கருக்கும் பள்ளிவாசலில் மரைக்காருக்கும் வயது பெருமை தருகின்றது. அதே வயது வீட்டுத் திண்ணையில் இழிவாவது எங்ஙனம்?

நிற்க. நம் சைவ நூல்கள் இதுபற்றிக் கற்பிப்பது யாதென நோக்குவாம். நம்பியாரூரர் புத்தூரில் மணக்கோலங்கொண்டு வீற்றிருந்தவிடத்துச் சிவபெருமான் எவ்வுருவில் எழுந்தருளினார்? அரசராக வந்திலர், இளைஞராக வந்திலர். தளர்ந்த முதிய வேதியராய்க் கையில் ஓலையொன்று கொண்டு வந்தருளினார். மணமகனார் அவரைப் பித்தரென்று இகழ்ந்து, ஓலையையும் பறித்துக் கிழித்தார். திருவெண்ணெய்நல்லூர் அவையினரோ முதியவரைத் துரத்தினாரல்லர். அவர் வழக்கைப் பொறுத்துக் கேட்டு, மூலவோலையைப் பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்புநோக்கி, அவர் பக்கமே நீதி கூறினர். பின்னர், ‘இவ்வூரினர் என்றீரே, நும் இல்லம் எது?’ என வினவினர். முதியவர் திருவருட்டுறைத் திருக்கோயிலுள்ளே புகுந்து மறைந்தருளினார்.

அந்த வினாவை நம் ஊர்களில் இன்று கேட்டுப் பார்மின்! மனையுறுதியை மகளிர்க்கு ஈந்து வெறுங்கையராய் நிற்கும் முதியவரை நோக்கி, ‘நும் இல்லம் எது?’ என்றால் அவர் எதனைக் காட்டுவார்?

மதுரையில் வந்தி என்னும் மூதாட்டியின் செய்தியும் நினைவுகூரத்தக்கது. வையை பெருகியகாலத்துக் கரையடைக்க வீட்டுக்கோர் ஆள் வரவேண்டுமெனப் பாண்டியன் பணித்தான். சுற்றத்தார் இல்லாத பிட்டு வாணிச்சிக்கு ஆள் ஏது? முறை எல்லார்க்கும் ஒன்றேயாயினும், தோள்வலி இல்லாதாரை அம்முறை கண்டிலது. இறைவன் கூலியாளாய் வந்து உதிர்ந்த பிட்டுக்கு மண் சுமந்தான். அவன்மேற் பட்ட பிரம்படி எல்லா உயிர்மேலும் பட்டது. ஆதரவற்ற முதியவர்க்குத் துணைவந்தவரை அடித்த அடி ஊரார் அனைவரையும் சார்ந்ததென்பதே அதன் கருத்தென்க.

அயல்வாழ் முஸ்லிம் மக்களின் மறையும் இதற்கு வேறன்று. குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் இறைவணக்கத்தை விதித்தவுடனே முதுமையடைந்த பெற்றோரைப் பேணலை விதித்து, அவரிடம் சலிப்புச்சொல் ஒன்றும் கூறலாகாதென்கின்றது. ஆகவே, இவ்விடயத்தில் எச்சமயத்தாரும் அறியேம் என்று தப்பவியலாது.

காலமும் இவ்வறத்தை அவசரமாக்குகின்றது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கையில் நூற்றுவருள் 12 பேருக்கு மேற்பட்டோர் 60 வயதை எய்தியவர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. அதன்பின் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றர்க்குள் மனை கட்டலாகாதென அரசினர் முதலில் விதித்தமையாற் பல குடும்பங்கள் உட்பகுதிக்குப் பெயர்ந்தன. அவ்வாறு தாய்மனையும் மகள்மனையும் பிரிந்தவிடத்து, வேலிக்கு அப்பாலிருந்து குரல்கொடுத்தால் ஓடிவரும் துணையும் பிரிந்தது.

அரசினர் வகுத்த சட்டங்களும் உள. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், தம்மைத் தாமே பேணமாட்டாத பெற்றோர் மக்களிடமிருந்து பராமரிப்புப் பெறுதற்கு ஒரு சபையை அமைத்தது. மீட்கவியலாத நன்கொடையுறுதியையும், பெற்றவர் பெருநன்றிக்கேடு இழைத்தவிடத்து நீதிமன்றத்தின் வாயிலாக நீக்குதற்கு 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இடந்தருகின்றது. சட்டம் சோற்றைப் பெற்றுத்தரும். அச்சோற்றை முகமலர்ச்சியோடு இடச்செய்ய அதனால் இயலாது. அது நம் கடன்.

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. முதலாவது: மனையுறுதி எழுதும்போதே பெற்றோரின் சீவிய உரித்தை அதன்கண் எழுதுவிக்க. இதனை மகளே முன்னின்று கேட்பாளாயின் அது ஐயத்தின் அடையாளமாகாது, அன்பின் அடையாளமேயாம். இரண்டாவது: உறுதி எவர் பெயரில் இருப்பினும், வீட்டின் காரியங்களை மூத்தோரைக் கேட்டே செய்க. அவர் சொல்லை ஏற்கவியலாதபோதும் கேட்டல் ஒழியற்க. மூன்றாவது: மக்களில்லாதாரும் மக்களைப் பிரிந்தாரும் ஊர்தோறும் உளர். சைவ சபையார் சோமவாரந்தோறும் கோயில் வழிபாடு முடித்தபின் அன்னார் ஒருவரின் இல்லஞ்சென்று, விபூதிப் பிரசாதம் தந்து, சிறிதுபோது உடனிருந்து உரையாடி மீள்க. இது சரியையின்பாற்பட்ட தொண்டேயாகும்.

இளமையும் முதுமையும் மாயாகாரியமாகிய உடம்புக்கே உரியன. உயிர்க்கு நரையுமில்லை, திரையுமில்லை. தளர்ந்த உடம்பினுள்ளே தளராத உயிர் ஒன்று, தான் கட்டிய வீட்டின் திண்ணையிலிருந்து நம்மை நோக்கிக்கொண்டிருக்கின்றது. ஓலையேந்தி வந்த முதியவரை அடையாளங் காணாது இகழ்ந்தது ஒருமுறை நிகழ்ந்த பிழை. நம் வாயிலில் இருப்பவரிடத்தும் அப்பிழை நேராதபடி திருவருள் நம்மைக் காப்பதாக.

திருச்சிற்றம்பலம்.