மாணவரை வகை பிரிக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

பாலிடெக்னிக் வேலையில் சேர்ந்ததுமே எலெக்ட்ரிக்கல் பிள்ளைகளிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், படித்தெழுதிக் கற்பவர், செய்து கற்பவர் என்று நான்காகப் பிரித்துவிட்டாய். ஒரே பாடத்தை இனி நான்கு விதமாக எப்படி நடத்துவது என்று கேட்கிறாய். நடத்தாதே.

நீல் ஃபிளெமிங்கும் காலீன் மில்ஸும் 1992-இல் முன்வைத்த பகுப்பு அது. 2008-இல் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் இவ்வகை ஆய்வுகளை அலசிப் பார்த்தார்கள். வகைக்கேற்ப நடத்தினால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றார்கள். ஒருவனுக்குப் படம் பிடிக்கும் என்பதாலேயே படத்தால்தான் விளங்கும் என்று ஆகிவிடாது. படமா, பேச்சா, கைவேலையா என்பதைப் பாடம்தான் முடிவு செய்யும்.

மாடிப்படி விளக்கை எடுத்துக்கொள். கீழ் சுவிட்சின் காமனில், அதாவது பொது முனையில், பேஸ். இரண்டு சுவிட்சுக்கும் நடுவே இரண்டு ஒயர். மேல் சுவிட்சின் காமனிலிருந்து விளக்குக்கு ஒன்று. வரைபடம் இல்லாமல் வாயால் சொன்னால் யாருக்கும் புரியாது. ஸ்க்ரூடிரைவர் பிடிக்காமல் யாருக்கும் கை வராது. ஆகவே வகுப்பில் எல்லாரும் வரையட்டும், எல்லாரும் பூட்டட்டும்.

பேஸை காமனில் கொடுக்காமல் பக்கத்து முனையில் கொடுத்துவிடுவான் ஒருவன். மேல் சுவிட்ச் ஒரு பக்கம் இருக்கும்வரை கீழிருந்து விளக்கு ஒழுங்காக எரியும், அணையும். மறுபக்கம் தள்ளினால் கீழே என்ன செய்தாலும் எரியாது. நீ ஓடிப்போய்த் திருத்தாதே. சப்ளையை நிறுத்திவிட்டு, இரண்டு சுவிட்சும் சேர்ந்து தரும் நான்கு நிலைகளிலும் மின்சாரம் எதுவரை போகிறது என்று படத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல். எந்தச் சொற்பொழிவும் தராத தெளிவை இந்த ஒரு பிழை தரும். இதற்காகவே ஒரு முழு வகுப்பைச் செலவிடலாம்.

மாணவர் எல்லாரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. பவணந்தியார் நன்னூலில் மாணாக்கரை அன்னம், பசு என்று தொடங்கி எட்டு உவமைகளால் பிரிக்கிறார். அதில் கண், காது என்ற பேச்சே இல்லை. கிடைத்ததை என்ன செய்கிறான் என்பதுதான் கணக்கு. ஆனால் அவர் செய்த தலை, இடை, கடை என்ற தரப்பிரிப்பை நான் ஏற்பதில்லை. பசுவைப் போல அசைபோடும் பழக்கத்தை எந்தப் பிள்ளைக்கும் உண்டாக்கலாம். முந்திய வகுப்பின் சுற்றை நோட்டைப் பார்க்காமல் வரையச் சொல்லித் தொடங்கு; அதுதான் அசைபோடுதல்.

மெய்யான வேறுபாடு இரண்டு. ஒன்று, முன்னறிவு. அப்பாவோடு ஒயரிங் வேலைக்குப் போய் வந்தவனுக்குப் பழுதான போர்டைக் கொடு. புதியவனுக்கு முழுதாகச் செய்து முடித்த போர்டைக் காட்டி, படிப்படியாக விளக்கு. மற்றொன்று, சுபாவம். கேள்வி முடியுமுன் கத்துபவன் இருப்பான். தெரிந்தும் வாய் திறக்காத பெண் இருப்பாள். சுவிட்சைத் தட்டுமுன் என்ன ஆகும் என்று ஆளுக்கொரு தாளில் எழுதச் சொல், பிறகு பேசட்டும். இருவர் சேர்ந்து செய்தால் ஒருவர் பூட்ட, மற்றவர் காரணம் சொல்ல வேண்டும், பாதியில் மாறிக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் கத்துபவனே கடைசிவரை ஸ்க்ரூடிரைவரை விடமாட்டான்.

ஆகவே அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடு. அடுத்த கடிதத்தில் எவன் எந்த வகை என்று எழுதாதே. எவன் எந்த முனையில் தவறினான், ஏன் தவறினான் என்று எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்