உப்பிட்ட சாலையும் உருளும் டயரும்

குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்துவிட்டால், லாரிகள் சாலை நெடுக உப்பைத் தூவிக்கொண்டே செல்லும். மணலைப் போல உப்பும் டயருக்குச் சொரசொரப்பான பிடிப்பைத் தருகிறது என்று எண்ணுவோர் பலர். அது தவறு. உப்பு பிடிப்பைத் தருவதில்லை; பிடிப்பைக் கெடுக்கும் பனிக்கட்டியை நீராக்குகிறது, அவ்வளவே.

ரப்பருக்கும் உலர்ந்த தார்ச்சாலைக்கும் இடையே உராய்வு எண் ஏறத்தாழ 0.7 ஆகும். ஈரச் சாலையில் அது 0.5 அளவுக்குக் குறையும். பனிக்கட்டியின் மீதோ 0.1 தான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், பிரேக்கை அழுத்திய பின் எவ்வளவு தொலைவில் நிற்கும் என்று கணக்கிட்டால், உலர்ந்த சாலையில் 14 மீட்டர், ஈரச் சாலையில் 20 மீட்டர், பனிக்கட்டியில் ஏறக்குறைய 100 மீட்டர் என வரும். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆய்வுக்கூடத்தில் உறைகலவை செய்து பார்த்த மாணவர்க்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். தூய நீர் 0 டிகிரி சென்டிகிரேடில் உறைகிறது. நூற்றுக்கு 10 பங்கு உப்புள்ள கரைசல் –6½ டிகிரி வரை உறைவதில்லை; 23 பங்கு இருந்தால் –21 டிகிரி வரை தாங்கும். ஆயினும் ஏட்டுக் கணக்கு வேறு, சாலை வேறு. ஏறத்தாழ –9 டிகிரிக்குக் கீழே சோடியம் குளோரைடு மிக மெதுவாகவே வேலை செய்யும். அப்போது, கரையும்போது வெப்பத்தை வெளியிடும் கால்சியம் குளோரைடையோ, வெறும் மணலையோ நாடுகின்றனர்.

இங்கேதான் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. காற்றின் வெப்பநிலை –5 டிகிரி என்று கொள்வோம். 10 பங்குக் கரைசல் நீராகவே கிடக்கும். மேலும் பனி பெய்து, உருகிய நீர் கலந்து 5 பங்காகிவிட்டால், அதன் உறைநிலை –3 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. சாலை மீண்டும் உறையத் தொடங்கும். மாலையில் ஈரமாக இருந்த அதே சாலை, விடியலில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடியாகிவிடும்! ஓட்டுநரோ, உப்பிட்ட சாலைதானே என்று நம்பி வேகமாக வருவார். இதனாலேயே இப்பொழுது பல இடங்களில் பனி பெய்வதற்கு முன்பே உப்புக் கரைசலைத் தெளிக்கிறார்கள். பனிக்கட்டி சாலையோடு ஒட்டிக்கொள்ளாமல் அது தடுக்கிறது.

டயரின் நிலையையும் மறத்தல் ஆகாது. சாதாரண டயரின் ரப்பர் குளிரில் இறுகி, சாலையின் மேடுபள்ளங்களைக் கவ்வும் திறனை இழக்கிறது. குளிர்கால டயரில் மென்மையான ரப்பரும், மேற்பரப்பெங்கும் நுண்ணிய கீறல்களும் உண்டு. எவ்வளவு உப்பிட்டாலும் இறுகிய ரப்பர் இளகாது.

உப்பு இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வதும், ஓடைகளையும் கிணறுகளையும் கெடுப்பதும் தனியே எழுத வேண்டிய செய்திகள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1938இல் சோதனையாகத் தொடங்கிய வழக்கம் இது. இன்று டெட்ராய்ட் நகருக்கடியில், ஏறத்தாழ 1,200 அடி ஆழத்தில், இதற்கென்றே உப்பு வெட்டி எடுக்கிறார்கள்.

இன்னொன்று: பாலங்களுக்கு அடியிலும் குளிர்காற்று வீசுவதால், அவை மற்றச் சாலையைவிட முந்தி உறையும். உப்பிட்ட ஈரச் சாலையில் நன்றாக ஓடிவந்த டயர், பாலத்தில் ஏறியதும் வழுக்குவது அதனால்தான்.