வரிசை மாறினால் ரசனை கெட்டதா?

கேள்வி: திருப்பத்தூரில் இரண்டாம் ஆண்டு பட்டப்படிப்பு படிக்கிறேன். ஊர் ஜவ்வாது மலையில் புதூர்நாடு பக்கம். தினமும் பஸ்ஸில்தான் இறங்கி ஏறுகிறேன். எம்.ஐ.ஏ. பாட்டென்றால் எனக்கு உயிர். அவருடைய ஆறு ஆல்பங்களையும் மோசமானதில் தொடங்கிச் சிறந்தது வரை வரிசைப்படுத்தி, எங்கள் துறையின் கையெழுத்து இதழுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் வரிசை மாறுகிறது. முன்பு கடைசியில் கிடந்த 'மாயா' இப்போது இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டது. ஆங்கிலப் பத்திரிகைகளின் பட்டியலோடும் அது பொருந்தவில்லை. பாட்டு வரிகள் எனக்குப் பாதிதான் புரிகின்றன. 'உனக்கு ரசனையே கிடையாது' என்று தோழிகள் சிரிக்கிறார்கள். இயர்போன் போட்டுப் போட்டுக் காதே கெட்டுவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. சில நாள் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் 'ஙொய்' என்கிறது. நான் இதை எழுதலாமா?
— கே. எஸ்., திருப்பத்தூர்

பதில்: அன்புள்ள கே. எஸ்., தாராளமாக எழுதலாம், அம்மா. வரிசை மாறுவது ரசனை இல்லாததன் அடையாளம் அல்ல. ஒலிப்பதிவுக் கூடத்திலேயே காலம் தள்ளியவர்களுக்கும், காலையில் பிரமாதமாகப் பட்ட கலவை (குரல், தாளம், கருவிகள் எல்லாவற்றையும் அளவாகச் சேர்த்த இறுதி வடிவம்) சாயங்காலம் சப்பென்று இருப்பதுண்டு. அவர்கள் யாரும் காதைச் சந்தேகப்படுவதில்லை. எங்கே வைத்துக் கேட்டோம், எவ்வளவு சத்தத்தில் கேட்டோம் என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

அந்த 'ஙொய்' மட்டும் வேறு விஷயம். அதை முதலில் முடித்துவிடுவோம். மலைப்பாதையில் பஸ் திணறி ஏறும்போது எஞ்சின் இரைச்சலை அமுக்குவதற்காக நம்மை அறியாமலே சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறோம். 80 டெசிபல் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபலுக்குப் போனால் வாரம் முழுவதற்கும் நான்கு மணி நேரம்தான். போக வர நீங்கள் பஸ்ஸில் உட்காரும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், கணக்கு இடிக்கும். சில நாள் இயர்போனைத் தொடாதீர்கள். அதன் பிறகும் இரைச்சல் இருந்தாலோ, ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இதில் தயக்கம் வேண்டாம்.

இனி வரிசைக்கு வருவோம். மற்ற வாசகர்களுக்காக ஒரு குறிப்பு: எம்.ஐ.ஏ. என்பவர் மாதங்கி அருள்பிரகாசம். 1975-ல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், இடையில் சென்னையிலும் இருந்து, 1986-ல் அகதியாக லண்டன் திரும்பியவர். ராப், ஜமைக்காவின் டான்ஸ்ஹால், மின்னணு இசை எல்லாம் அவரிடம் கலந்து கிடக்கும். சுத்த ஹிப்-ஹாப்காரர்கள் அவரைத் தங்கள் கணக்கில் சேர்க்கத் தயங்குவார்கள். தயங்கட்டும்.

உங்கள் வரிசை மாறியதற்கு முதல் சந்தேகம் எனக்கு அந்தப் பஸ் மேல்தான். எஞ்சினின் உறுமல் தாழ்ந்த அதிர்வெண்ணில் (ஒரு நொடிக்குள் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை குறைவாக உள்ள, கனத்த ஒலியில்) இருக்கிறது. பாட்டின் அடித்தாளமும் அங்கேதான் இருக்கிறது. ஒன்று மற்றதை விழுங்கிவிடும். 'மாயா' ஏற்கெனவே இரைச்சலைக் கருவியாகக் கொண்ட ஆல்பம். எஞ்சினோடு சேர்ந்தால் அது ஒரே கூழ். 'கலா'வின் மேளச் சத்தமோ அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வரும். 'மாயா'வை முதலில் பஸ்ஸிலும், பிறகு விடுமுறையில் வீட்டிலும் கேட்டீர்களா? அப்படியானால் அது கடைசியிலிருந்து இரண்டாவதற்கு ஏறியதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இரண்டாவது காரணம் உரப்பு. ஒரே பாட்டைக் கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் வைத்தால் அதுவே நன்றாக இருப்பதாகக் காது சொல்லும். உங்கள் காது மட்டுமில்லை, எல்லார் காதும். மூன்றாவது, பழக்கம். திரும்பத் திரும்பச் சந்திப்பதாலேயே ஒன்று பிடித்துப்போகும் என்று உளவியலாளர் ராபர்ட் சயோன்ஸ் 1968-ல் ஆய்வு செய்து காட்டினார். 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டை 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் கேட்டுவிட்டு ஆல்பத்துக்கு வருகிறவருக்கு, 'கலா' பாதி ஜெயித்த ஆட்டம்.

வரிகள் பாதிதான் புரிகின்றன என்ற கவலையை விடுங்கள். லண்டன் தெருப்பேச்சும் ஜமைக்கா மொழியும் கலந்த அந்த வரிகளில் ஆங்கிலேயருக்கே சரிபாதி பிடிபடாது. ராப்பில் சொல்லின் பொருள் ஒரு பக்கம், அந்தச் சொல் தாளத்தில் எங்கே வந்து விழுகிறது என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதைக் கேட்க உங்களுக்கு அகராதி தேவையில்லை. எழுதும் நாளில் மட்டும், நீங்கள் குறிப்பிடப்போகும் பாட்டுகளின் வரிகளை உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

ஆங்கிலப் பத்திரிகைகளோடு பொருந்தவில்லை என்கிறீர்கள். 2007-ன் சிறந்த ஆல்பம் என்று 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 'கலா'வைத் தேர்ந்தெடுத்தது உண்மைதான். நானும் அதைத்தான் முதலில் வைப்பேன். ஆனால் அவர்களுடைய காரணமும் என்னுடைய காரணமும் ஒன்றல்ல. 2006-ல் அமெரிக்க விசா கிடைப்பதில் சிக்கல் வந்ததால், அங்கே செய்யவிருந்த ஆல்பத்தை எம்.ஐ.ஏ. இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, ஆஸ்திரேலியா என்று ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார். சென்னையில் பதிவானது உறுமி. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து உறும வைத்து, மறுமுகத்தை அடிக்கும் அந்த மேளத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோயில் திருவிழாவிலும் சாவு ஊர்வலத்திலும் கேட்டிருப்பீர்கள். 'பேர்ட் ஃப்ளூ' பாட்டில் அது கோழிக் கொக்கரிப்போடும் பிள்ளைகளின் கூச்சலோடும் சேர்ந்து வருகிறது. லண்டன் விமர்சகருக்கு அது எங்கிருந்தோ வந்த புது ஒலி. நமக்கு, தெருமுனையில் யாரோ வருகிறார்கள் என்று எழுந்து வாசலுக்குப் போகவைக்கிற ஒலி. அவர் புதுமைக்கு மதிப்பெண் போடுகிறார். அதே ஒலி எவ்வளவு தெரிந்தது, அதை எம்.ஐ.ஏ. எப்படி வெட்டி இடம் மாற்றி ஒட்டியிருக்கிறார் என்று நாம் பார்க்க முடியும். ஆகவே உங்கள் பட்டியல் அவர்களுடையதைப் போல இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை: நம்ம மேளம் என்ற பாசத்துக்காக ஒரு ஆல்பத்தைத் தூக்கி வைக்காதீர்கள். உறுமி இல்லாத பாட்டுகளும் அதே உயரத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. போனில் பாட்டுச் செயலியின் அமைப்புகளுக்குள் போய், எல்லாப் பாட்டையும் ஒரே உரப்பில் ஒலிக்கச் செய்யும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் அமைதியான நேரத்தில், நடுத்தரச் சத்தத்தில், ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசி வரை தாவாமல் கேளுங்கள். போனின் சொந்த ஸ்பீக்கரில் வேண்டாம், அடித்தாளம் பெரும்பாலும் அதில் வராது. வெளியான வரிசையிலேயே போங்கள்: 2005 'அருளர்', 2007 'கலா', 2010 'மாயா', 2013 'மாதங்கி', 2016 'எய்ம்', 2022 'மாதா'. ஒரு நாளைக்கு ஒன்று போதும். கேட்டு முடித்த கையோடு, ஒரு பாட்டில் ஒரு இடத்தைக் குறித்து, அது ஏன் பிடித்தது அல்லது ஏன் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். எண் போடாதீர்கள். ஆறும் முடிந்து ஒரு வாரம் கழித்து அந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு எண் போடுங்கள். அதன் பிறகும் மாறும். ஆனால் ஏன் மாறியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மிக்ஸ்டேப்புகளை (முறையான ஆல்பமாக இல்லாமல், பெரும்பாலும் இலவசமாகச் சுற்றுக்கு விடும் தொகுப்புகளை) சேர்ப்பதா என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். நீங்கள் 'மாதங்கி'க்காகப் பாராட்டப்போகும் 'பேட் கேர்ல்ஸ்' பாட்டு, முதலில் 2010-ன் கடைசி நாளில் வந்த 'விக்கி லீக்ஸ்' மிக்ஸ்டேப்பில் குட்டி வடிவில் இருந்தது.

என் வரிசையைக் கேட்காமலே சொல்கிறேன், சண்டை போட உங்களுக்கு ஒரு ஆள் வேண்டுமே. கடைசி இடம் 'எய்ம்'. எம்.ஐ.ஏ. என்ற எழுத்துகளைத் திருப்பிப் போட்ட தலைப்பு அது. அகதிகளைப் பற்றிய 'பார்டர்ஸ்' என்ற பலமான பாட்டோடு தொடங்கி, பிறகு பாதி சமைத்த பாட்டுகளாகப் போய்விடுகிறது. அதற்கு மேலே 'மாதா'. ஆறு வருடக் காத்திருப்புக்கு அது போதவில்லை, ஆனால் குரலில் பழைய துடுக்கு திரும்பியிருக்கிறது. நான்காவது 'மாதங்கி'. 'பேட் கேர்ல்ஸ்' ஒன்றே போதும் அதைக் காப்பாற்ற. மூன்றாவது உங்கள் 'மாயா'. இரண்டாவது 'அருளர்': ஈழ விடுதலை இயக்கமான ஈரோஸை நிறுவியவர்களில் ஒருவரான தந்தையின் இயக்கப் பெயரையே தலைப்பாக வைத்து, ரோலண்ட் எம்.சி.-505 என்ற ஒரு சிறிய தாளப்பெட்டியில் வீட்டிலிருந்தபடியே தொடங்கிய முதல் ஆல்பம். அந்தப் பெட்டியின் வறட்சியான தட்டலை இன்று கேட்டாலும் பழசாகத் தெரியவில்லை.

முதலிடம் அம்மா பெயர் கொண்ட 'கலா'வுக்கு. உறுமிக்காக மட்டுமில்லை. 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டைப் பாருங்கள். 'தி கிளாஷ்' குழுவின் 1982 பாட்டொன்றிலிருந்து எடுத்த சாம்பிள் (பழைய ஒலிப்பதிவிலிருந்து வெட்டி எடுத்த துண்டு) மேல், சொற்கள் வர வேண்டிய இடத்தில் துப்பாக்கிச் சத்தத்தையும் கல்லாப்பெட்டி திறக்கும் சத்தத்தையும் வைத்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைப் பார்த்தாலே கொள்ளைக்காரர்கள் என்று நினைப்பவர்களைக் கேலி செய்ய, அந்த இரண்டு சத்தங்களைவிடச் சுருக்கமான வரி வேறு இல்லை. 'கலா'வில் குறை இல்லாமலும் இல்லை. 'டிஸ்கோ டான்ஸர்' இந்திப் படப் பாட்டை எடுத்துப் பாடிய 'ஜிம்மி' எனக்கு அங்கே ஒட்டவில்லை.

'மாயா' வெளியானது 2010 ஜூலையில். ஈழப்போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பல விமர்சகர்கள் அதை வெறும் இரைச்சல் என்று தள்ளினார்கள். அந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் அந்த இரைச்சலுக்குக் காரணம் தெரியும். அதனால் நீங்கள் அதை மேலே ஏற்றியதில் எனக்குப் பாதி சம்மதம். ஆனால் அந்த அமளிக்கு நடுவே 'இட் டேக்ஸ் எ மசில்' என்று ஒரு சாதுவான ரெகே பாட்டு வருகிறதே, ஒரு டச்சுக் குழுவின் பழைய பாட்டை எடுத்துப் பாடியது, அது அங்கே என்ன வேலை பார்க்கிறது? எனக்கு ஆல்பத்தின் ஓட்டம் அங்கே அறுந்துபோகிறது. அதற்கு ஒரு நல்ல பத்தி எழுதுங்கள். எழுதிவிட்டால் 'அருளர்' கீழே இறங்கட்டும், நான் தடுக்கமாட்டேன்.