பேசிப் பழக ஒரு கூட்டம்

நம் சங்க நூலக அறையில் மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை பத்து மணிக்கு நடக்கும் பேச்சுப் பயிற்சிக் கூட்டத்தைப் பற்றி எழுதுமாறு வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். செம்பூர், மாட்டுங்கா பக்கம் இருப்பவர்கள் வந்து பார்த்திருக்கலாம். டோம்பிவிலி, வாஷி, மீரா ரோடு என்று தொலைவில் இருக்கும் குடும்பங்கள் இதற்காக ரயிலேறி வருவது சிரமம். தங்கள் வட்டாரத்திலேயே எட்டுப் பேர் சேர்ந்தால் ஒன்று தொடங்கிவிடலாம். அவர்களுக்கு உதவட்டும் என்று, கூட்டத்தை நடத்தும் முறையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முறை நம்முடையதல்ல. அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ.வில் பணியாற்றிய ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர், அங்கு வரும் இளைஞர்கள் விஷயம் தெரிந்தும் நாலு பேர் முன் நின்று சொல்லத் தெரியாமல் திண்டாடுவதைக் கண்டார். 1905ல் இல்லினாய் மாநிலத்துப் புளூமிங்டனில் ஒரு பேச்சு வட்டம் தொடங்கினார். பின்னர் கலிபோர்னியாவின் சாந்தா அனாவில் 1924 அக்டோபர் 22ம் தேதி அவர் கூட்டிய கூட்டத்தைத்தான் டோஸ்ட்மாஸ்டர்ஸ் இயக்கத்தின் பிறப்பு என்கிறார்கள். விருந்துகளில் பேச்சாளர்களை அறிமுகம் செய்து வைப்பவருக்கு அந்நாளில் டோஸ்ட்மாஸ்டர் என்று பெயர். பேசக் கற்றுத்தரும் இந்த இயக்கம் 1973ல்தான் பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே ஆங்கிலத்தில் நடக்கும் அவர்களுடைய கூட்டங்களுக்குச் சில ஆண்டுகள் போய்வந்தேன். நம் கூட்டம் அவர்களுடைய கிளை அல்ல. முறையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நமக்கு இதெல்லாம் எதற்கு, தமிழனுக்கு மேடைப்பேச்சைக் கற்றுத்தர வேண்டுமா என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. திருக்குறளில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று மூன்று அதிகாரங்கள் இதற்கே இருக்கின்றன. ஆனால் அவையஞ்சாமைக்குத் தனி அதிகாரம் வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, அவைக்கு அஞ்சுகிறவர்கள் அன்றும் நிறைய இருந்தார்கள் என்று தெரிகிறதே! ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31ம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் பிரசங்கங்களைத் தொடங்கினார். பாதிரிமார்கள் வாரந்தோறும் பேசுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். வேதாகமத்தைத் தமிழாக்கும் பணியில் பெர்சிவல் பாதிரியாருக்குத் துணை நின்றவர். நல்ல முறை எங்கிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

இனி கூட்டத்துக்கு வருவோம். மொத்தம் ஒன்றரை மணி நேரம். முதலில் மூவர், தயாரித்து வந்த பேச்சை ஆளுக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம் பேசுவார்கள். நேரம் பார்ப்பவர் ஐந்தாம் நிமிடத்தில் பச்சை அட்டை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு காட்டுவார். சிவப்புக்குப் பின் அரை நிமிடம் பொறுப்போம். அதற்கு மேல் போனால் எல்லோரும் சேர்ந்து கைதட்டிவிடுவோம். யாராக இருந்தாலும் இதுதான். சங்கத் தலைவருக்கே ஒருமுறை கைதட்டினோம்.

ஏழு நிமிடம் போதாது என்று முதலில் எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் நேரம் போவது தொடக்கத்தில்தான். தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, எனக்கு முன் பேசியவர்களே, பின் பேச இருப்பவர்களே என்று விளித்து முடிக்கவே இரண்டு நிமிடம் ஆகிவிடும். இங்கே 'அவையோருக்கு வணக்கம்' என்ற ஒரு வரியோடு சரி.

அடுத்தது முன்தயாரிப்பு இல்லாத பேச்சு. ஒரு டப்பாவில் துண்டுச்சீட்டுகள் இருக்கும். எடுத்த தலைப்பில் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல், இரண்டு நிமிடத்துக்கு மேற்படாமல் பேச வேண்டும். 'மழைநாளில் லோக்கல் ரயில்', 'பக்கத்து வீட்டுச் சாவி', 'ஊரிலிருந்து வரும் பார்சல்' என்பது போன்ற தலைப்புகளே நல்லது. 'தமிழின் பெருமை' என்று எழுதிப் போட்டால் எடுத்தவர் விழிப்பார், அல்லது எங்கோ படித்ததை ஒப்பிப்பார்.

ஒப்பிப்பது பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்குப் பெற்றோர் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்வித்து அழைத்து வருகிறார்கள். தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைக்குத் தேவநாகரியில் எழுதித் தந்த தாய்மாரும் உண்டு. அன்பினால் செய்வதுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் நடுவில் ஒரு சொல் மறந்தால் பிள்ளை அப்படியே நின்றுவிடுகிறது, முன் வரிசையில் அம்மாவின் உதடு அசைகிறது, பிள்ளையின் கண் அதிலேயே குத்திட்டு நிற்கிறது. அதனால் இரண்டு ஏற்பாடுகள் செய்தோம். பெற்றோருக்குக் கடைசி வரிசை. பிள்ளைக்கு ஓர் அட்டை, அதில் எழுத்துக்குப் பதில் மூன்று படங்கள். பாட்டி வீட்டைப் பற்றிப் பேச வந்த ஒரு சிறுமி கிணறு, கோழி, தாத்தாவின் சைக்கிள் என மூன்றை வரைந்து வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசினாள். இலக்கணம் அங்கங்கே இடறியது. அறையில் ஒருவரும் அசையவில்லை.

எந்தத் தமிழில் பேசுவது என்று அடிக்கடி வாதம் நடக்கும். செந்தமிழில் பேசினால்தான் மேடை என்பது ஒரு கட்சி. பள்ளியில் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் கேட்ட தமிழ்தான் கைமுதல், அதைப் பறித்துக்கொண்டு செந்தமிழ் பேசச் சொன்னால் அது இந்திக்குப் போய்விடும் என்பது என் கட்சி. முதல் ஐந்து பேச்சு வீட்டுத் தமிழில் இருக்கட்டும். நெல்லைத் தமிழோ பாலக்காட்டுத் தமிழோ, யாரும் சிரிக்கக் கூடாது. ஆறாவது பேச்சிலிருந்து மேடைத் தமிழை முயலலாம். பெரியவர்களில் சிலர் இன்னும் இதை ஏற்கவில்லை. வாதம் நடக்கட்டும், அதுவும் பேச்சுப் பயிற்சிதானே.

'வந்து', 'அதாவது', 'பாத்தீங்கன்னா', 'என்னன்னா', நம் ஊர் விசேஷமாக 'மத்லப்' — இவற்றை எண்ணுவதற்கென்றே ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார். அவருக்கு அசைச்சொல் காப்பாளர் என்று பெயர் வைத்திருக்கிறோம். இலக்கணப் பண்டிதர்கள் பொறுத்தருள வேண்டும். ஆறு நிமிடப் பேச்சில் 31 'வந்து' எண்ணப்பட்டவர் நம்மிடையே இருக்கிறார். அந்தச் சொல் வரும் இடத்தில் வாயை மூடிக்கொண்டு ஒரு மூச்சு விட்டால் போதும். நமக்கு நெடுநேரமாகத் தோன்றும் அந்த இடைவெளி, கேட்பவருக்கு அடுத்த வரியை எதிர்பார்க்க வைக்கும்.

கூட்டத்தின் உயிர் மதிப்பீட்டில்தான் இருக்கிறது. தயாரித்துப் பேசிய ஒவ்வொருவரின் பேச்சையும் இன்னொருவர் மூன்று நிமிடத்துக்குள் மதிப்பிட வேண்டும். நம்மவர்களுக்கு இது எளிதில் வருவதில்லை. வயதில் மூத்தவர் பேசினால் 'பிரமாதம்' என்போம், சின்னவர் பேசினால் பத்துத் தவறுகளை அடுக்குவோம். இரண்டாலும் பேசியவருக்குப் பயனில்லை. அதனால், 'நன்றாக இருந்தது' என்ற சொல்லை மதிப்பீட்டில் சொல்லவே கூடாது என்று விதி வைத்தோம். எந்த இடம், ஏன் என்று சொல்ல வேண்டும். குறை சொன்னால் அதற்கு மாற்றும் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிறன்று, ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் தாம் முதன்முதலில் பம்பாய் வந்ததைப் பற்றிப் பேசினார். மதிப்பிட்டவள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. "மாமா, வி.டி. ஸ்டேஷன்ல பெட்டிமேல தலைவெச்சுத் தூங்கினேன்னு நீங்க சொன்னப்போதான் எல்லாரும் நிமிர்ந்து உக்காந்தாங்க. அதுக்கு முன்னாடி நாலு நிமிஷம் அப்ளிகேஷன் போட்ட கதையாவே போச்சு. நேரா ஸ்டேஷன்லயே ஆரம்பிச்சிருக்கலாம்" என்றாள். அறையில் சத்தமே இல்லை. அவளுடைய தந்தைக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த அன்பரோ எழுந்து, "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். அடுத்த கூட்டத்தில் அதே பேச்சை ஸ்டேஷனிலிருந்து தொடங்கினார். இரவில் யாரோ ஒரு போர்ட்டர் தமக்கு டீ வாங்கித் தந்ததைச் சொன்னார். முதல் தடவை அந்த போர்ட்டர் பேச்சிலேயே இல்லை. பதினேழு வயதுப் பெண் எழுபது வயதுக்காரருக்கு நேராக ஒன்றைச் சொல்லவும், அவர் அதைக் கேட்டுக்கொள்ளவும் நம் வீடுகளில் எத்தனை இடம் இருக்கிறது?

தமிழில் பழகி என்ன பயன், வெளியே போனால் இந்தியும் மராத்தியும்தானே என்பாரும் உண்டு. கணவரை இழந்த ஓர் அம்மா கூட்டத்துக்கு வருவார். அவர் குடியிருக்கும் சொசைட்டியில் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு எழுந்தது. பொதுக்குழுவில் பெண்கள் யாரும் வாய் திறப்பதில்லை. கையெழுத்துப் போடும் முன் இவருக்குக் கேட்க வேண்டியவை இருந்தன. புது வீட்டின் கார்பெட் ஏரியா எவ்வளவு? கட்டி முடியும்வரை வெளியில் இருப்பதற்கு வாடகை யார் தருவார்கள், எத்தனை மாதத்துக்கு? வேலை பாதியில் நின்றால் என்ன பாதுகாப்பு? மூன்றையும் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லும்படி முதலில் நம் கூட்டத்தில் தமிழில் பேசிப் பார்த்தார். பச்சை அட்டை காட்டியபோது அவர் இரண்டாம் கேள்விக்கே வரவில்லை. 'நான் ஒரு பொம்பளை, எனக்கென்ன தெரியும்' என்ற முன்னுரையை வெட்டச் சொன்னோம். மூன்றாம் முறை சரியாக வந்தது. அதைத் தெரிந்த இந்தியில் பொதுக்குழுவில் எழுந்து கேட்டார். பதில் அன்றே வரவில்லை. ஆனால் மூன்று கேள்விகளும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறின. அடுத்த கூட்டத்தில் எழுத்து மூலம் பதில் வைத்தார்கள். மொழி மாறினாலும் எழுந்து நிற்கும் கால் அதுவேதான் என்று அவர் எங்களிடம் சொன்னார்.

கொரோனா வந்த 2020ல் சில மாதம் கணினித் திரையில் கூடினோம். ஊரிலிருந்த உறவினர்களும் சேர்ந்துகொண்டார்கள் என்பதைத் தவிர அதில் சிறப்பில்லை. முகம் பார்த்துப் பேசுவதற்கு ஈடாகாது.

தொடங்க நினைப்பவர்களுக்கு: மேடையும் மைக்கும் வேண்டாம், ஒருவர் வீட்டுக் கூடம் போதும். மூன்று வண்ண அட்டைகள், செல்போன் கடிகாரம், துண்டுச்சீட்டு டப்பா, ஒரு நோட்டு. இருபது பேருக்கு மேல் சேர்ந்தால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள், இல்லையேல் முறை வருவதற்குள் ஆர்வம் போய்விடும். வேலைகள் ஒவ்வொரு கூட்டத்துக்கும் கைமாற வேண்டும். தொடர்ந்து ஒருவரே நெறியாளராக இருந்தால் மற்றவர்கள் பார்வையாளர் ஆகிவிடுவார்கள். அடுத்த முறை யார் பேசுவது, யார் மதிப்பிடுவது என்பதை டீ வருவதற்கு முன்பே நோட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். டீ முடிந்ததும் பாதிப் பேர் ரயிலுக்கு ஓடிவிடுவார்கள்.