திரை வந்தால் படிப்பு வந்துவிடுமா?

கோடை விடுமுறையில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் போனால், பள்ளிச் சேர்க்கை விளம்பரங்கள் வழிநெடுகக் கூடவே வரும். 'ஸ்மார்ட் கிளாஸ்', 'ரோபோட்டிக்ஸ்', இப்போது புதிதாக 'ஏஐ'. நூற்பாலைக்குப் போகிறவரும் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவரும் நகையை அடகு வைத்தாவது பிள்ளையை அங்கே சேர்த்துவிட நினைக்கிறார்கள். அந்த ஆசையில் எந்தக் குறையும் இல்லை. அதை வைத்து விற்கப்படும் சில நம்பிக்கைகளைத்தான் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: பிள்ளை கையில் ஒரு கணினி இருந்தால் படிப்பு தானாக வரும்.

உண்மை: இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தாயிற்று. எம்ஐடி பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டி 2005-இல் 'பிள்ளைக்கொரு மடிக்கணினி' திட்டத்தை அறிவித்தார். தென் அமெரிக்காவின் பெரு நாடு எட்டு லட்சத்துக்கும் மேல் வாங்கிக் கொடுத்தது. அங்கே 319 கிராமப்புறப் பள்ளிகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான முடிவு: கணக்கிலும் மொழிப்பாடத்திலும் பிள்ளைகள் முன்னேறவில்லை.

அதற்காகக் கணினியே உதவாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டெல்லியில் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளை மாலை நேர மையங்களில் கொடுத்தபோது, நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. இந்த ஆய்வு 2019-இல் வெளியானது. அந்த மென்பொருள், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்புப் பாடத்தைத் திரையில் ஓட்டவில்லை. அந்தப் பிள்ளைக்கு உண்மையில் எதுவரை தெரியும் என்று சோதித்து, மூன்றாம் வகுப்புக் கணக்கிலேயே நின்றுபோயிருந்தால் அங்கிருந்து தொடங்கியது. கூடவே, சிறு குழுவாக உட்காரவைத்துச் சொல்லித்தர ஓர் ஆளும் இருந்தார். கரும்பலகையில் எழுதுவதையே பெரிய திரையில் காட்டும் வகுப்பறையில் இவை இரண்டும் இல்லை. பெற்றோர் கூடுதல் கட்டணம் கட்டுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட வகுப்பறைக்குத்தான் என்பது என்னை வருத்துகிறது.

நம்பிக்கை: அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி வீண் செலவு.

உண்மை: 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில் சுமார் ஐம்பது லட்சம் மாணவர்கள் மடிக்கணினி பெற்றார்கள். விற்றவர்கள் உண்டு, படம் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் அரசுப் பள்ளியில் கணினி அறிவியல் எடுத்த பிள்ளையின் நிலையை யோசித்துப் பாருங்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான். வீட்டில் கணினி இல்லாவிட்டால் நிரலை நோட்டில் எழுதி, செய்யுளைப் போல மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டியதுதான். தட்டச்சு செய்து, பிழை கண்டு, திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்த்தால்தான் நிரல் எழுத வரும். கொடுத்தது தவறில்லை. வகுப்புப் பாடத்தோடு அதைச் சரியாகப் பிணைக்காமல் விட்டதுதான் தவறு.

நம்பிக்கை: புதுமை என்றால் அது மின்சாரத்தில்தான் ஓடும்.

உண்மை: தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த மிகப் பெரிய மாற்றங்களில் ஒன்றுக்குச் செருகுமுனைகூடத் தேவைப்படவில்லை. செயல்வழிக் கற்றல், 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் வந்தது. கையில் அட்டைகள், சுவரில் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, அவரவர் வேகத்தில் ஏறிப்போக ஓர் 'ஏணி'. அதன் குறைகளை ஆசிரியர்கள் நிறையவே பேசியிருக்கிறார்கள். ஆனாலும் டெல்லி மென்பொருள் பின்னாளில் செய்த வேலையை, அதாவது பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவதை, அது காகித அட்டையால் செய்யப் பார்த்தது.

கொரோனா காலத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கல்வித் தொலைக்காட்சி 2019-இலேயே வந்துவிட்டது, இணைய வகுப்புகளும் நடந்தன. ஆனால் வீட்டுக்கு ஒரே செல்போன் என்றால், அது அப்பாவோடு ஆலைக்குப் போய்விடும். ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. பிள்ளைகள் நிறைய இழந்திருந்தார்கள். அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியிருந்தது. தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் மாலையில் ஒன்றரை மணி நேர வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர்கள் அதே ஊர்த் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய்க்கு. ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ மூவரும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு சரியாகியிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று கணக்கிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா செய்த வேலை அது.

நம்பிக்கை: செல்போன் வந்த பிறகு நூலகம் எதற்கு?

உண்மை: திருநெல்வேலி ஆட்சியராக இருந்த பென்னிங்டனின் பெயரால் ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-இல் தொடங்கிய நூலகம் இன்றும் திறந்திருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்காத மேசையும் அமைதியும் அங்கே உண்டு. கட்டணம் கட்டி டேப்லெட் வாங்கித் தரும் முன் ஒருமுறை கூட்டிப்போய்ப் பாருங்கள்.

ஜூன் மாதச் சேர்க்கைக்குப் போகும்போது பள்ளியில் மூன்று கேள்வி கேளுங்கள். என் பிள்ளைக்கு எது தெரியாது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? பின்தங்கினால் யார் தனியாக உட்கார்ந்து சொல்லித்தருவார்? கணினி அறையில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அவன் கையே விசைப்பலகையில் இருக்கும்? நேரான பதில் தருகிற பள்ளி அரசுப் பள்ளியாக இருந்தாலும் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.