12 வோல்ட் இருந்தும் ஓடாத ஏர் கம்ப்ரஸர்

கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சோதிக்க மல்டிமீட்டர் வாங்கி வைத்திருக்கிறீர்களா? அதே மீட்டரால் காரின் ஏர் கம்ப்ரஸரில் வரும் மின் கோளாறையும் கண்டுபிடிக்கலாம். லைட்டர் சாக்கெட்டில் செருகி டயருக்குக் காற்றடிக்கிறோமே, அந்தச் சிறிய 12 வோல்ட் பம்ப்பைத்தான் சொல்கிறோம். மயிலாடுதுறையைச் சுற்றியுள்ள கிராமத்துச் சாலைகளில் இரவில் டயர் காற்று இறங்கினால், பஞ்சர் கடை வரை போய்ச் சேர இதுதான் துணை. அது ஓடாவிட்டால் எங்கே பார்ப்பது?

எளிய சோதனைகள்

1. பல கார்களில் சாவியை ஏ.சி.சி. நிலைக்குத் திருப்பினால்தான் சாக்கெட்டுக்கு மின்சாரம் வரும்.

2. பம்ப்பின் பிளக் முனையைத் திருகிக் கழற்றுங்கள். பலவற்றில் உள்ளே ஒரு கண்ணாடி ஃப்யூஸ் இருக்கும். கம்பி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

3. காரின் ஃப்யூஸ் பெட்டியில் சாக்கெட்டுக்கான ஃப்யூஸைப் பாருங்கள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20.

4. நீண்ட நேரம் ஓடிய பிறகு நின்றிருந்தால், ஆறவிட்டு மீண்டும் முயலுங்கள்.

5. பேட்டரியில் நேரடியாக மாட்டும் கிளிப் இருந்தால் அதில் ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடினால் கோளாறு காரின் வயரிங்கில். அப்போதும் ஓடாவிட்டால் பம்ப்பில்.

செல்போன் சார்ஜ் ஆகிறது, பம்ப் ஓடவில்லை!

பலரைக் குழப்புவது இதுதான். சாக்கெட்டில் மீட்டர் 12.6 வோல்ட் காட்டும். செல்போனும் சார்ஜ் ஆகும். பம்ப் மட்டும் முனகிவிட்டு நின்றுவிடும்.

காரணம் ஓம் விதி. துருப்பிடித்த ஓர் இணைப்பில் 0.3 ஓம் மின்தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிக மிகக் குறைவு. எனவே முழு வோல்ட்டேஜும் தெரியும். சார்ஜர் 1 ஆம்பியர் இழுத்தால் இழப்பு 0.3 வோல்ட்தான். 120 வாட் பம்ப்புக்கு 10 ஆம்பியர் தேவை. அதை இழுத்தால் 3 வோல்ட் அந்த இணைப்பிலேயே போய்விடும். அங்கே உண்டாகும் வெப்பம் 30 வாட். அதாவது, ஒரு 25 வாட் சால்டரிங் அயர்னை டேஷ்போர்டுக்குப் பின்னால் சொருகி வைத்தது போல!

பம்ப் ஓடும்போது அளந்து பாருங்கள்

மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கக் கூடாது. இருந்தால் ஷார்ட் ஆகிவிடும். சாக்கெட்டில் இரட்டை அடாப்டர் பொருத்தி, ஒன்றில் பம்ப்பை ஓட்டுங்கள். மற்றொன்றில் அளவெடுங்கள். அதன் நடுமுனை பாசிட்டிவ், ஓரம் எர்த்.

* பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் சாக்கெட் நடுமுனைக்கும் இடையே அளந்தால், பாசிட்டிவ் பக்கத்தின் இழப்பு தெரியும்.
* பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் சாக்கெட் ஓரத்துக்கும் இடையே அளந்தால், எர்த் பக்கத்தின் இழப்பு தெரியும்.

அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கவலை வேண்டாம். 2, 3 வோல்ட் காட்டும் பக்கத்தில்தான் கோளாறு. தரங்கம்பாடி, பூம்புகார் போன்ற கடலோரப் பகுதிகளில் ஓடும் கார்களில் உப்புக் காற்றால் எர்த் போல்ட் துருப்பிடிப்பதுண்டு. முதலில் அதைப் பாருங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகே போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்குங்கள். சாக்கெட் பழுத்துக் கருகியிருந்தால் புதிது மாற்றிவிடுங்கள். கார் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிப்பதாக இருந்தால் திறந்த வெளியில் செய்யுங்கள்.

எச்சரிக்கை

ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று அதில் வயர் இழையையோ சிகரெட் பெட்டியின் ஈயத்தாளையோ சுற்றாதீர்கள். 15 ஆம்பியருக்குப் பதில் 30 போடுவதும் அதே தவறுதான். ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரை. ஃப்யூஸ் உருகாவிட்டால் அடுத்து உருகுவது வயர், பிறகு கார் தீப்பிடிக்கும். பம்ப்பின் லேபிளில் உள்ள வாட்டை 12 ஆல் வகுத்துப் பாருங்கள். விடை ஃப்யூஸின் அளவை எட்டினால், அந்தப் பம்ப்பை சாக்கெட்டில் செருகாமல் கிளிப் மூலம் நேராக பேட்டரியிலேயே மாட்டுங்கள்.